என்கிரிப்ட் செய்த லினக்ஸ் டிஸ்க்கில் வால்யூமைப் பாதுகாப்பாகப் பெரிதாக்குவது எப்படி

‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று லினக்ஸ் சொன்னால் டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிரம்பியது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு வால்யூம் மட்டும்தான். என்கிரிப்ட் செய்து நிறுவிய லினக்ஸில் டிஸ்க்குக்கும் உங்கள் ஃபைல்களுக்கும் நடுவே ஆறு அடுக்குகள் இருக்கும்: பார்ட்டிஷன், அதற்குள் லக்ஸ் என்னும் பூட்டிய கொள்கலன், பூட்டைத் திறந்ததும் அதன்மேல் எல்விஎம்மின் (டிஸ்க் இடத்தைச் சேர்த்தும் பிரித்தும் கொடுக்கும் லினக்ஸ் ஏற்பாடு) ஃபிசிக்கல் வால்யூம், அது சேர்ந்திருக்கும் வால்யூம் குரூப், குரூப்பிலிருந்து பிரித்தெடுத்த லாஜிக்கல் வால்யூம், கடைசியில் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டம்.

ஓர் அடுக்கைப் பெரிதாக்கினால் அடுத்த அடுக்குக்கு அது தானாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், அதுவும் பார்ட்டிஷனில் தொடங்கி ஃபைல் சிஸ்டம் வரை இதே வரிசையில். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் பொதுவாக எதுவும் கெடாது. அடுத்த கட்டளை மறுத்துவிடும், அல்லது எதையும் மாற்றாமல் முடிந்துவிடும், அவ்வளவுதான். தரவு பறிபோகிற இடங்கள் வேறு. அவற்றை அந்தந்தப் படியில் சொல்கிறோம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். ‘லக்ஸ்’ என்று தொடங்கும் துணைக் கட்டளைகளில் மட்டும் அதை ஒட்டி வரும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து. எடுத்துக்காட்டில் டிஸ்க் எஸ்டிஏ, லக்ஸ் இருக்கும் பார்ட்டிஷன் எஸ்டிஏ3, திறந்தபின் அதன் பெயர் எஸ்டிஏ3_கிரிப்ட், குரூப்பின் பெயர் விஜி, லாஜிக்கல் வால்யூமின் பெயர் ரூட். உங்கள் மெஷினில் இவை வேறாக இருக்கும். பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே இடம் இருக்கிறது?

முதல் வேலை எல்எஸ்பிஎல்கே. இது எதையும் மாற்றாது, எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். விடை இப்படி வரும்:

எஸ்டிஏ 465.8ஜி டிஸ்க்
├ எஸ்டிஏ1 1ஜி பார்ட் /பூட்/இஎஃப்ஐ
├ எஸ்டிஏ2 2ஜி பார்ட் /பூட்
└ எஸ்டிஏ3 462.7ஜி பார்ட்
  └ எஸ்டிஏ3_கிரிப்ட் 462.7ஜி கிரிப்ட்
    └ விஜி-ரூட் 100ஜி எல்விஎம் /

500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465.8 என்று காட்டுவதைப் பார்த்து எதுவும் தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். விற்பவர் 1000ஆல் கணக்கிடுகிறார், லினக்ஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. மேலிருந்து கீழாக எண்களை மட்டும் படியுங்கள். பார்ட்டிஷன் 462.7, கிரிப்ட் 462.7, லாஜிக்கல் வால்யூம் 100. எண் சட்டென்று விழும் இடத்தில்தான் இடம் சிக்கியிருக்கிறது. இங்கே அது குரூப்புக்கும் லாஜிக்கல் வால்யூமுக்கும் நடுவே. உறுதிசெய்ய விஜிஎஸ் கட்டளை கொடுங்கள். கடைசி நெடுவரிசையில் ‘விஃப்ரீ’ என்ற தலைப்பின்கீழ் 362 ஜிக்கு மேல் காட்டும். அப்படியானால் பார்ட்டிஷனையும் லக்ஸையும் தொடவே வேண்டாம்.

உபுண்டு சர்வர் நிறுவியவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அதன் நிறுவி எல்விஎம் தேர்ந்தெடுத்தால் குரூப் 20 முதல் 200 ஜிபி வரை இருக்கும்போது பாதியைத்தான் ரூட்டுக்குக் கொடுக்கும். 200ஐத் தாண்டினால் 100 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சத்தை நீங்கள் பின்னால் பிரித்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. யாரும் சொல்லாததால் மாதங்கள் கழித்து ரூட் நிரம்பும்போதுதான் தெரியவருகிறது.

குரூப்பின் பெயரிலேயே சிறுகோடு இருந்தால், எல்எஸ்பிஎல்கே அதை இரட்டைக் கோடாகக் காட்டும்: உபுண்டு--விஜி-உபுண்டு--எல்வி. குரூப்பையும் வால்யூமையும் பிரிக்கும் ஒற்றைக் கோட்டோடு குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கட்டளையில் /டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி என்று சாதாரணமாக எழுதினால் போதும்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். நிரம்பியது /பூட் அடைவு என்றால் இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் உதவாது. அது பெரும்பாலும் லக்ஸுக்கு வெளியே தனிப் பார்ட்டிஷனாக இருக்கும். டிஎஃப் -எச் கட்டளை எது நிரம்பியது என்று காட்டும். பழைய கர்னல்களை நீக்கினால் /பூட் சரியாகிவிடும்.

கை வைக்கும் முன்

ஃபைல்களின் பேக்கப் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. என்கிரிப்ட் செய்த டிஸ்க்குக்கு அதோடு மூன்று சிறு பேக்கப்புகள் தேவை. மூன்றையும் அந்த டிஸ்க்குக்கு வெளியே, ஒரு யுஎஸ்பியில் வைக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் மாற்றுச் சாவியை வைத்து என்ன பயன்?

முக்கியமானது லக்ஸ் ஹெடர், அதாவது கொள்கலனின் தொடக்கத்தில் உள்ள சிறு பகுதி. உங்கள் கடவுச்சொல் நேரடியாக டிஸ்க்கைப் பூட்டுவதில்லை. டிஸ்க்கைப் பூட்டும் உண்மையான சாவி ஹெடரில் இருக்கிறது. கடவுச்சொல் அந்தச் சாவியைத்தான் பூட்டுகிறது. ஹெடர் அழிந்தால் சரியான கடவுச்சொல் தெரிந்தும் ஒரு பைட்கூடத் திரும்ப வராது. எந்த மீட்பு மென்பொருளும் இங்கே செல்லாது. எடுக்கும் கட்டளை:

சூடோ கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெடர்பேக்கப் /டெவ்/எஸ்டிஏ3 --ஹெடர்-பேக்கப்-ஃபைல் ஹெடர்.ஐஎம்ஜி

லக்ஸ் 2ஆம் பதிப்பில் இந்த ஃபைல் வழக்கமாக 16 மெபிபைட் (ஒரு மெபிபைட் 1024 × 1024 பைட்), 1ஆம் பதிப்பில் சுமார் 2. இதைக் கவனமாக வையுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய ஹெடர் பேக்கப் பழைய கடவுச்சொல்லுக்குத் திறக்கும். கடவுச்சொல் வெளியே கசிந்ததால் மாற்றினீர்கள் என்றால், பழைய பேக்கப்பை அழிக்காதவரை மாற்றியதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது, பார்ட்டிஷன் அட்டவணை:

சூடோ எஸ்எஃப்டிஸ்க் --டம்ப் /டெவ்/எஸ்டிஏ > அட்டவணை.டிஎக்ஸ்டி

இது சில வரிகள் கொண்ட வெறும் டெக்ஸ்ட் ஃபைல். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த செக்டாரில் (டிஸ்க்கை அளக்கும் மிகச்சிறிய துண்டு) தொடங்குகிறது என்று இருக்கும். எஸ்டிஏ3 தொடங்கும் எண்ணைத் தனியே ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். அது மாறவே கூடாத எண். மூன்றாவது, எல்விஎம்மின் குறிப்புகள். விஜிசிஎஃப்ஜிபேக்கப் ஓட்டிவிட்டு /இடிசி/எல்விஎம்/பேக்கப் அடைவை யுஎஸ்பிக்கு நகலெடுங்கள்.

கடவுச்சொல்லையும் இப்போதே ஒரு முறை சோதியுங்கள். கிரிப்ட்செட்டப் ஓபன் --டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் /டெவ்/எஸ்டிஏ3 என்று கொடுத்தால் எதையும் திறக்காமல் கடவுச்சொல் சரிதானா என்று மட்டும் பார்க்கும். சரியென்றால் ஒன்றும் சொல்லாது. பாதி வேலையில் ரீபூட் செய்து, மறந்துபோன கடவுச்சொல்லோடு நிற்பதைவிட இது மேல்.

லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்தால், இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் செய்யுங்கள்.

குரூப்பில் இடம் இருந்தால்

ஒரே கட்டளையில் முடிந்துவிடும்:

சூடோ எல்விஎக்ஸ்டெண்ட் --ரீசைஸ்எஃப்எஸ் --சைஸ் +50ஜி /டெவ்/விஜி/ரூட்

‘ரீசைஸ்எஃப்எஸ்’ இருப்பதால் லாஜிக்கல் வால்யூம் வளர்ந்ததும் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். அதை விட்டால் எல்எஸ்பிஎல்கே 150ஜி காட்டும், டிஎஃப் பழைய 100ஐயே காட்டும். கூட்டல் குறியும் முக்கியம். அது இருந்தால் ‘இன்னும் 50’, இல்லாவிட்டால் ‘மொத்தமே 50’. எல்விஎக்ஸ்டெண்ட் என்றால் சுருக்க மாட்டேன் என்று மறுத்துத் தப்ப வைத்துவிடும். ஆனால் எல்விரீசைஸ் என்ற இன்னொரு கட்டளை சுருக்கவும் செய்யும், அதில் கூட்டல் குறி விடுபட்டால் விபரீதம். ஆகவே பெரிதாக்க எப்போதும் எல்விஎக்ஸ்டெண்ட் மட்டும்.

ரூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம், எக்ஸ்ட்4க்கும் எக்ஸ்எஃப்எஸ் என்னும் இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ரீபூட் தேவையில்லை. இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள --எக்ஸ்டென்ட்ஸ் +100%ஃப்ரீ என்று கொடுக்கலாம் (ஃப்ரீ மட்டும் பெரிய எழுத்தில்). ஆனால் கொடுக்காதீர்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பெரிதாக்குவது நொடியில் முடிகிற வேலை, எப்போது வேண்டுமானாலும் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். சுருக்குவது எக்ஸ்ட்4இல் அன்மவுண்ட் செய்து செய்ய வேண்டிய ஆபத்தான வேலை; எக்ஸ்எஃப்எஸ்ஸில் நடைமுறையில் முடியாது. தேவைக்கு எடுத்துக்கொண்டு பத்திருபது ஜிபியாவது குரூப்பில் விட்டு வையுங்கள். நாளை ஹோமுக்கோ ஸ்னாப்ஷாட்டுக்கோ உதவும்.

டிஸ்க்கில் பார்ட்டிஷனுக்கு அடுத்து காலி இடம் இருந்தால்

விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கைப் பெரிதாக்கியவர்களும், பழைய டிஸ்க்கை அப்படியே பெரிய டிஸ்க்குக்கு நகலெடுத்தவர்களும் இந்த நிலையில் இருப்பார்கள். நகலெடுத்தவர்கள் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால் எல்விஎம் எதை எடுப்பது என்று தடுமாறும்.

காலி இடம் எஸ்டிஏ3 முடியும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவே ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும்) பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால், ஸ்வாப்ஆஃப் செய்து அதை நீக்கிவிட்டு, பிறகு குரூப்புக்குள்ளேயே ஒரு ஸ்வாப் வால்யூம் உருவாக்கிக்கொள்ளலாம். /இடிசி/எஃப்ஸ்டேப்பில் பழைய வரியை மாற்ற மறக்க வேண்டாம். நடுவே இருப்பது தரவுள்ள பார்ட்டிஷன் என்றால் அதை நகர்த்த முயலாதீர்கள். காலி இடத்தில் தனி லக்ஸ் உருவாக்கிக் குரூப்பில் சேர்ப்பது எளிது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பார்ட்டிஷனை நீட்ட நல்ல கருவி குரோபார்ட். டிஸ்க்கின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி உண்டு:

சூடோ குரோபார்ட் --ட்ரை-ரன் /டெவ்/எஸ்டிஏ 3

ட்ரை-ரன் என்ன செய்யப்போகிறது என்று காட்டும், செய்யாது. தொடக்க செக்டார் நீங்கள் எழுதிவைத்த எண்ணாகவே இருக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் ட்ரை-ரன்னை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ‘நோசேஞ்ச்’ என்று வந்தால் ஒட்டிய இடம் இல்லை என்று பொருள். பார்ட்டட் பயன்படுத்தினால், டிஸ்க் பெரிதாகியும் ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணையின் இரண்டாம் நகல் பழைய கடைசியிலேயே கிடக்கிறது என்று எச்சரித்து ‘ஃபிக்ஸ்’ வேண்டுமா என்று கேட்கும். கொடுக்கலாம்.

எஃப்டிஸ்க்கில் செய்பவர்கள் பார்ட்டிஷனை நீக்கி அதே தொடக்கத்தில் மறுபடி உருவாக்குவார்கள். அது தவறல்ல. ஆனால் உருவாக்கியதும் ‘இந்தப் பார்ட்டிஷனில் கிரிப்டோ_லக்ஸ் சிக்னேச்சர் இருக்கிறது, நீக்கட்டுமா’ என்று ஒரு கேள்வி வரும். விடை நோ. சும்மா எதையாவது சுத்தம் செய்கிறது என்று நினைத்து யெஸ் கொடுத்தால், அட்டவணையை எழுதும் நொடியில் லக்ஸ் ஹெடரின் அடையாளம் அழிக்கப்படும். அடுத்த ரீபூட்டில் அந்தப் பார்ட்டிஷனில் லக்ஸே இல்லை என்று சொல்லும். அந்த நிலையில் கைகொடுப்பது முன்பே எடுத்துவைத்த ஹெடர்.ஐஎம்ஜி, லக்ஸ்ஹெடர்ரீஸ்டோர் கொடுத்துத் திருப்பி எழுதலாம்.

நுணுக்கமான ஒரு சிக்கலும் உண்டு. லக்ஸ் 2இல் சில கொள்கலன்கள் 4096 பைட் செக்டார் அளவில் இருக்கும். கிரிப்ட்செட்டப் லக்ஸ்டம்ப் விடையில் டேட்டா செக்மெண்ட் பகுதியில் ‘செக்டார்: 4096’ என்று தெரியும். பார்ட்டிஷனின் மொத்த நீளம் அதால் மீதியின்றி வகுபட வேண்டும். டிஸ்க்கின் கடைசி செக்டார் வரை இழுத்தால் ஜிபிடியின் நகலுக்காக ஒதுக்கிய செக்டார்கள் போக மீதி ஒற்றைப்படையாக வந்து, அளவு பொருந்தவில்லை என்று லக்ஸ் திறக்க மறுக்கலாம். தரவு போகவில்லை, முடிவைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் திறந்துவிடும். ஆனால் ரூட் என்றால் அதை லைவ் யுஎஸ்பியில் போய்ச் செய்ய வேண்டியிருக்கும். பார்ட்டடில் அலகை மெபிபைட்டாக வைத்து, கடைசியில் ஒன்றிரண்டு மெபிபைட் விட்டு முடித்தால் இந்தத் தொல்லையே வராது.

அடுத்து லக்ஸ்:

சூடோ கிரிப்ட்செட்டப் ரீசைஸ் எஸ்டிஏ3_கிரிப்ட்

இங்கே கொடுப்பது திறந்தபின் உள்ள பெயர், பார்ட்டிஷனின் பெயர் அல்ல. லக்ஸ் 2 கடவுச்சொல் கேட்கும், பயப்பட வேண்டாம். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாதாரணமாக நிறுவிய லக்ஸ் ஹெடரில் கொள்கலனின் மொத்த அளவு எழுதப்படுவதில்லை. திறக்கும் நேரத்தில் பார்ட்டிஷன் எவ்வளவோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும். அதனால் நடுவில் ரீபூட் செய்திருந்தால் இந்தப் படி தானாகவே முடிந்திருக்கும். திறந்தபடியே இருப்பதற்குத்தான் ரீசைஸ் தேவை. அளவு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் முழுப் பார்ட்டிஷனையும் எடுக்கும்.

பிறகு எல்விஎம்முக்குச் சொல்ல வேண்டும்:

சூடோ பிவிரீசைஸ் /டெவ்/மேப்பர்/எஸ்டிஏ3_கிரிப்ட்

இந்தக் கட்டளை ஒரு வகையில் ஏமாற்றும். கீழ் அடுக்கு வளராமலே இருந்தாலும் ‘1 ஃபிசிக்கல் வால்யூம் மாற்றப்பட்டது அல்லது புதுப்பிக்கப்பட்டது’ என்ற அதே செய்தியைத்தான் சொல்லும். செய்தியை நம்பாமல் பிவிஎஸ் ஓட்டி எண் உயர்ந்திருக்கிறதா பாருங்கள். உயரவில்லையென்றால் எல்எஸ்பிஎல்கேயில் எந்த வரியில் எண் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்து, அந்தப் படிக்குத் திரும்புங்கள். உயர்ந்திருந்தால் முன்பு சொன்ன எல்விஎக்ஸ்டெண்ட்.

பெடோரா ஒர்க்ஸ்டேஷனில் 33ஆம் பதிப்பு முதல் பிடிஆர்எஃப்எஸ் என்னும் ஃபைல் சிஸ்டம்தான் இயல்பு, அங்கே எல்விஎம் இருக்காது. லக்ஸ் ரீசைஸ் முடிந்ததும் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ரீசைஸ் மேக்ஸ் / என்று கொடுத்தால் வேலை முடிந்தது.

புது டிஸ்க்கைச் சேர்ப்பது

இங்கேதான் புதியவர்கள் ஒரு தவறை அடிக்கடி செய்கிறார்கள். புது டிஸ்க்கில் நேராகப் பிவிகிரியேட் செய்து குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். எல்லாம் ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் லாஜிக்கல் வால்யூமில் புது டிஸ்க்கில் விழும் பகுதி பூட்டில்லாமல் திறந்தே கிடக்கும். எல்விஎம்முக்கு என்கிரிப்ஷன் பற்றி எதுவும் தெரியாது. முதலில் லக்ஸ், அதன்மேல்தான் ஃபிசிக்கல் வால்யூம்.

எல்எஸ்பிஎல்கேயில் மாடலும் அளவும் பார்த்து எது புது டிஸ்க் என்று உறுதிசெய்யுங்கள். ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஃபார்மேட் /டெவ்/எஸ்டிபி1 கொடுங்கள். ‘யெஸ்’ என்று பெரிய எழுத்தில் முழுதாக அடிக்கச் சொல்லும். அடிக்கும் முன் டிஸ்க்கின் பெயரை இன்னொரு முறை படியுங்கள். பிறகு கிரிப்ட்செட்டப் ஓபன் /டெவ்/எஸ்டிபி1 எஸ்டிபி1_கிரிப்ட்.

உடனே குரூப்பில் சேர்த்துவிட வேண்டாம். ரூட் வால்யூம் இரண்டு டிஸ்க்கிலும் பரவப்போகிறது என்றால், மெஷின் துவங்கும்போது இரண்டுமே திறந்தால்தான் ரூட் முழுதாகக் கிடைக்கும். ஆகவே முதலில், திறக்க வேண்டிய லக்ஸ்களின் பட்டியலான /இடிசி/கிரிப்ட்டேப்பில் ஒரு வரி சேருங்கள்: பெயர், பிஎல்கேஐடி காட்டும் யுயுஐடி என்னும் அடையாள எண், கீஃபைல் இடத்தில் நன், விருப்பங்களில் லக்ஸ். டெபியன், உபுண்டு என்றால் விருப்பங்களில் காற்புள்ளியிட்டு இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் கிடைக்கும் முன் ஓடும் துவக்கத் தொகுப்பு) என்பதையும் சேர்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டுங்கள். பெடோரா வகையில் கர்னல் துவக்க வரியில் ஆர்டி.லக்ஸ்.யுயுஐடி மதிப்பையும் கூட்டி, டிராகட் -எஃப் ஓட்ட வேண்டும். ரீபூட் செய்யுங்கள். லாகின் திரைக்கு முன்பே, முதல் டிஸ்க் திறக்கும் கட்டத்திலேயே இரண்டாவதும் திறக்க வேண்டும். திறக்கவில்லையா, பரவாயில்லை, ரூட் இன்னும் பழைய டிஸ்க்கிலேயே முழுதாக இருக்கிறது. சரிசெய்து மறுபடி பாருங்கள். திறந்தது உறுதியானபின் பிவிகிரியேட் /டெவ்/மேப்பர்/எஸ்டிபி1_கிரிப்ட், விஜிஎக்ஸ்டெண்ட் விஜி /டெவ்/மேப்பர்/எஸ்டிபி1_கிரிப்ட், கடைசியில் எல்விஎக்ஸ்டெண்ட்.

இது எல்லாம் முடியும் என்றாலும், செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள். பரவிய வால்யூமில் எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் முழு வால்யூமும் போகும். படங்கள், வீடியோ, பேக்கப் போன்றவற்றுக்குத்தான் இடம் தேவை என்றால் புது டிஸ்க்கில் லக்ஸ், அதன்மேல் நேராக எக்ஸ்ட்4, ஒரு தனி அடைவில் மவுண்ட் என்று வைத்துக்கொள்வது எவ்வளவோ நிம்மதி.

மறுத்தால் என்ன செய்வது

எல்விஎக்ஸ்டெண்ட் ‘இன்சஃபிஷியன்ட் ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று சொல்லி, இத்தனை எக்ஸ்டென்ட் தேவை, 0தான் உள்ளது என்று கணக்கும் காட்டினால், பிவிரீசைஸ் அல்லது அதற்கு முந்தைய படி நடக்கவில்லை. எக்ஸ்டென்ட் என்பது எல்விஎம் இடத்தைப் பிரிக்கும் துண்டு, ஒன்று வழக்கமாக 4 மெபிபைட். பெருக்கிப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். எக்ஸ்ட்4ஐப் பெரிதாக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளை ‘பேட் மேஜிக் நம்பர்’ என்றால் ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது என்று பதறி ரிப்பேர் கட்டளை எதையும் ஓட்டாதீர்கள். பெரும்பாலும் அது எக்ஸ்ட்4 இல்லாமல் எக்ஸ்எஃப்எஸ்ஸாக இருக்கும், அல்லது வால்யூமுக்குப் பதில் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். எல்எஸ்பிஎல்கே -எஃப் எது என்று சொல்லும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளைக்கு மவுண்ட் ஆன அடைவைக் கொடுக்க வேண்டும். ‘கர்னல் இன்னும் பழைய அட்டவணையையே பயன்படுத்துகிறது’ என்று எஃப்டிஸ்க் சொன்னால் பார்ட்ப்ரோப் ஓட்டுங்கள், கேட்காவிட்டால் ஒரு ரீபூட்.

எல்லாம் முடிந்ததும் யுஎஸ்பியில் உள்ளதைப் புதுப்பியுங்கள். ஹெடரில் அளவு இல்லாததால் அதன் பேக்கப் அப்படியே செல்லும், மறுபடி எடுக்கத் தேவையில்லை. புது டிஸ்க் சேர்த்திருந்தால் அதன் ஹெடரை மட்டும் எடுங்கள். பார்ட்டிஷன் அட்டவணையும் எல்விஎம் குறிப்பும் பழையதாகிவிட்டன. இரண்டையும் புதிதாக எடுத்து, பழைய நகல்களை அழித்துவிடுங்கள். என்றாவது அவசரத்தில் பழைய அட்டவணையை எடுத்துத் திருப்பி எழுதினால், நீட்டிய பார்ட்டிஷன் பழைய அளவுக்கு வெட்டுப்பட்டு எல்விஎம் திறக்காமல் நிற்கும்.